அஞ்ஞாதவாசம் இருந்த மோட்டார்கள்

அமெரிக்க மோட்டார்த் தொழிலின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதன் ஆடம்பரத்தையே எழுதியிருக்கிறார்கள். பின்புறம் செட்டை முளைத்த காடிலாக்குகளும், கண்ணைப் பறிக்கும் குரோமியப் பட்டைகளும், ஒரே மேனியில் இரண்டு மூன்று வர்ணங்களைத் தீட்டிக்கொண்டு நின்ற வண்டிகளுமே டெட்ராய்ட் நகரம் உலகத்துக்குக் காட்டிய முகம். ஆனால் அதே தொழிற்சாலைகளிலிருந்து, அதே தொழிலாளிகளின் கைகளால் பூட்டப்பட்டு, டாக்சி முதலாளியும் நகரசபையின் கொள்முதல் குமாஸ்தாவும் தவிர வேறு எவரும் திரும்பிப் பார்க்க மாட்டாத வண்டிகள் சில, அந்தக் காலத்துப் பந்தயக் கார்களோடு போட்டியிடத்தக்க எஞ்சினை உள்ளே மறைத்துக்கொண்டு வெளிவந்தன. மோட்டார்ப் பிரியர்கள் இவற்றை ‘ஸ்லீப்பர்’ என்பார்கள்.

பக்கத்தில் வந்து நிற்கும் விலையுயர்ந்த வண்டிக்காரனை ஏமாற்றி ரசிப்பதற்காகவே இவை பிறந்தன என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. அப்படி ரசித்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் பிறப்பின் காரணம் அது என்று எனக்குத் தோன்றவில்லை. விராடனுடைய அரண்மனையில் அர்ஜுனன் பிருகந்நளையாகி நாட்டியம் கற்பித்தது யாரையும் கேலி செய்வதற்காகவா? பதின்மூன்றாம் வருஷம் எவர் கண்ணிலும் படாமல் கழிய வேண்டும் என்ற நிபந்தனை ஒன்று இருந்தது. இந்த மோட்டார்களின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனாலும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தடை, அல்லது ஒரு விதி, அல்லது மேலதிகாரியின் கண்ணில் படாமல் நிறைவேற்றப்பட்ட ஓர் உத்தரவுப் படிவம் நிற்பதைக் காணலாம்.

இதன் வேர் 1932ஆம் வருஷத்தில் இருக்கிறது. எட்டு சிலிண்டர்களை இரு வரிசையாகச் சாய்த்து வைத்த வி-8 எஞ்சின் அதுவரையில் பெரும்பாலும் தனவந்தர்களின் வண்டிகளுக்கே உரியதாக இருந்தது. அதைப் பல துண்டுகளாக வார்த்து, மரையாணி போட்டுப் பிணைக்க வேண்டியிருந்தபடியால் விலை இறங்குவதற்கு வழியில்லை. தேசமே பொருளாதார மந்தத்தில் மூழ்கிக் கிடந்த வேளையில், அந்த எஞ்சினின் உடல் முழுவதையும் ஒரே வார்ப்பாக வார்த்து ஏழை எளியவர் வாங்கும் வண்டியில் வைத்தே தீருவது என்று ஹென்றி ஃபோர்டு பிடிவாதம் பிடித்தார். அதற்கான பூர்வாங்க வேலைகளை வெளியாருக்குத் தெரியாமல் நடத்த அவர் தேர்ந்தெடுத்த இடம் விசித்திரமானது. தாமஸ் எடிசன் ஃப்ளோரிடாவில் வைத்திருந்த சோதனைச்சாலையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து டியர்போர்னில் தமது பழம்பொருட் கிராமத்தில் அவர் நிறுத்தியிருந்தார். அந்தக் கட்டடத்துக்குள்தான் சில இளம் எஞ்சினீயர்கள் உட்கார்ந்து எதிர்காலத்தை வரைந்தார்கள். 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைச்சக்தியும் கொண்ட அந்த எஞ்சினோடு திறந்த கூரை ஃபோர்டு ஒன்று 460 டாலருக்குக் கிடைத்தது. அடுத்த சில வருஷங்களில் குதிரைச்சக்தி 75 ஆகி, 85 ஆயிற்று. வேகம் என்பது பணக்காரனின் பாத்தியதையாக இருந்த காலம் அத்துடன் முடிந்தது.

முடிந்ததை முதலில் உணர்ந்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பானவர்கள். 1934 மே மாதம் லூயிஸியானாவின் கிராமச் சாலையொன்றில் போனியும் கிளைடும் சுடப்பட்டு விழுந்தபோது அவர்கள் அமர்ந்திருந்தது திருடிய ஃபோர்டு வி-8 வண்டியில்தான். ஆயினும் கொள்ளைக்காரர்களைக் காட்டிலும் இவ்வண்டியின் குணத்தை நுட்பமாக அறிந்தவர்கள், வட கரோலினா, ஜார்ஜியா மலைப்புறங்களில் வரி கட்டாமல் சாராயம் காய்ச்சி இரவோடிரவாக நகரங்களுக்குக் கடத்தியவர்களே. 1933இல் மதுவிலக்கு நீங்கிய பின்பும் சாராயத்தின் மீது வரி இருந்தது. வரி இருந்தவரை கள்ளச் சரக்குக்கும் கிராக்கி இருந்தது. கடத்துகிறவனுக்கு வேண்டியது, பகலில் பார்த்தால் விவசாயி ஒருவன் மாவு மூட்டை வாங்கப் போகிற வண்டி போலவும், இரவில் துரத்தினால் பிடிபடாததாகவும் இருக்கும் ஒரு வாகனம். 1940ஆம் வருஷத்து ஃபோர்டு கூப்பே அதற்கென்றே அவதரித்தது போலிருந்தது.

சரக்கு ஏற்றிய வண்டியின் பின்புறம் தாழ்ந்து தொங்கும்; வரி அதிகாரிகள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆகவே பின் ஸ்பிரிங்கில் அதிகப்படியான பட்டைகளைச் சேர்த்தோ, ஸ்பிரிங்கையே விறைப்பாக்கியோ, முழுச்சுமை ஏற்றியபின் வண்டி சமமாக நிற்கும்படி செய்துகொண்டார்கள். இதனால் சுமையில்லாத வேளையில் வண்டி பின்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சரக்கை இறக்கிவிட்டு வீடு திரும்புகிற நிரபராதியைத்தான் அதிகாரிகள் அடையாளம் கண்டுகொள்ளக்கூடியதாக இருந்தது என்பது இந்தத் தந்திரத்திலுள்ள வேடிக்கை.

இதே ஸ்பிரிங் விஷயம் பந்தய சரித்திரத்திலும் ஓர் இடம் பெற்றுவிட்டது. பில் ஃபிரான்ஸ் என்பவர் தலைமையில் உருவான நாஸ்கார் ஸ்தாபனம், கடையில் விற்கிற வண்டியை விற்கிறபடியே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கூடிய தன் முதற்பந்தயத்தை 1949 ஜூன் 19ஆம் தேதி ஷார்லட் நகரத்து மண் தடத்தில் நடத்தியது. முதலாவதாக வந்தவர் 1947ஆம் வருஷத்து ஃபோர்டு ஒன்றை ஓட்டிய க்ளென் டன்னவே. பந்தயம் முடிந்து வண்டியைச் சோதித்தபோது பின் ஸ்பிரிங்குகளில் சாராய வண்டிக்காரர்களின் கைவேலை தெரிந்தது. பரிசு அவரிடமிருந்து பிடுங்கப்பட்டு, லிங்கன் ஓட்டி இரண்டாவதாக வந்த கான்ஸாஸ்காரர் ஜிம் ரோப்பருக்குப் போயிற்று. வண்டியின் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார். பந்தயம் நடத்துகிறவனுக்கே விதி செய்யும் உரிமை உண்டு என்று நீதிபதி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அமெரிக்க மோட்டார் உலகத்தில் ஒரு பெரிய கேள்வி பிறந்தது: ‘கடையில் விற்கிற வண்டி’ என்றால் என்ன? கடையின் அலமாரியில் இருப்பது மட்டுமா, அல்லது கம்பெனியின் விலைப்பட்டியலில் எங்கோ ஒரு மூலையில் அச்சாகியிருப்பதுமா?

அந்தக் கேள்விக்கு மிகச் சாமர்த்தியமாகப் பதில் சொன்னது ஹட்ஸன் கம்பெனி. 1951இல் வந்த அதன் ஹார்னெட் என்ற வண்டி கொழுத்து உருண்ட ஒரு குடும்ப வாகனம். எஞ்சினோ பழைய பாணியில், வால்வுகளைப் பக்கவாட்டில் வைத்த ஆறு சிலிண்டர் யந்திரம். மற்றவர்கள் வி-8க்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இதைக் கர்நாடகம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் கொள்ளளவு 308 கன அங்குலம். அத்தோடு, வண்டியின் தளம் சட்டத்தின் மேல் உட்காராமல் சட்டத்தின் நடுவே கீழே இறக்கப்பட்டிருந்தபடியால் கனத்தின் மையம் தாழ்ந்து, வளைவுகளில் மற்ற வண்டிகள் சாயும் வேகத்தில் இது நிதானம் தவறாமல் போயிற்று. 1952இல் நாஸ்காரின் 34 பந்தயங்களில் 27ஐ ஹட்ஸன் வண்டிகள் வென்றன; 1951, 1952, 1953 ஆகிய மூன்று வருஷங்களிலும் சாம்பியன் பட்டம் ஹட்ஸன் ஓட்டியவர்களுக்கே கிடைத்தது.

இந்த வெற்றிகளுக்குப் பின்னணியில் வேலை செய்தவர்களில் ஒருவர் வின்ஸ் பிகின்ஸ் என்ற எஞ்சினீயர். பந்தயத்துக்கான பலமான அச்சுகளையும் சக்கரங்களையும் எஞ்சின் பாகங்களையும் கம்பெனி தன் பட்டியலில் ‘கடும் உபயோகத்துக்கானவை’ என்ற தலைப்பில் அச்சிட்டு விட்டது. கரடுமுரடான சாலைகளில் போகும் போலீஸ்காரர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் என்று படிக்கிறவர் எண்ணிக்கொள்ளலாம். பட்டியலில் இருக்கிறது, எண் இருக்கிறது, விலை இருக்கிறது. ஆகவே அது கடையில் விற்கிற பொருள். ஆகவே விதிக்கு உட்பட்டது. தர்க்க சாஸ்திரம் பயின்றவர்கள்கூட இதில் குறை காண முடியாது. ஹட்ஸன் கம்பெனி 1954இல் நாஷ் கம்பெனியோடு இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயிற்று. பிகின்ஸ் பின்னர் ஷெவர்லேக்குப் போய்ச் சேர்ந்தார். அவரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கன் மோட்டார்ஸின் தலைவர் ஜார்ஜ் ராம்னி சிக்கனத்தையே மந்திரமாக ஜபித்தவர். பெரிய வண்டி, பெரிய எஞ்சின், பெட்ரோல் விரயம் இவற்றையெல்லாம் மேடைதோறும் கண்டித்த அவருடைய கம்பெனியிலிருந்து 1957இல் ராம்ப்ளர் ரெபெல் என்ற நான்கு கதவு வண்டி வெளிவந்ததை விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியரும் பாதிரியாரும் வாங்குகிற அந்தச் சிறிய உடலுக்குள் 327 கன அங்குலமும் 255 குதிரைச்சக்தியும் கொண்ட வி-8 எஞ்சினை வைத்தார்கள். பெண்டிக்ஸ் கம்பெனியின் மின்னணு எரிபொருள் செலுத்தியைப் பொருத்துவதாக அறிவித்து, குளிரில் அது ஒத்துழைக்காததால் கடைசியில் சாதாரண கார்புரேட்டரோடு விற்றார்கள். அப்படியும், ‘மோட்டார் டிரெண்ட்’ பத்திரிகை சோதித்தபோது நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை 7.5 விநாடியில் எட்டியது. அந்த வருஷம் அவர்கள் சோதித்த அமெரிக்க வண்டிகளில் எரிபொருள் செலுத்தி பொருத்திய கார்வெட் ஒன்றுதான் அதைவிட முந்தியதாக இருந்தது. 1,500 வண்டிகளோடு அந்தப் பரிசோதனை முடிந்தது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் மோட்டார் உற்பத்தியாளர் சங்கம், இனி கம்பெனிகள் பந்தயத்தில் ஈடுபடுவதில்லை, வேகத்தை விளம்பரப்படுத்துவதுமில்லை என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்துக்குக் கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேர் அதை நம்பினார்கள் என்பது வேறு விஷயம். வேகம் விளம்பரத்திலிருந்து நீங்கிப் பட்டியலின் பின்பக்கங்களுக்குப் போயிற்று என்பதே அதன் பலன்.

கிரைஸ்லர் கம்பெனியில் நடந்ததோ இன்னும் விநோதம். ஷெவர்லே வண்டிகள் அடுத்து அளவில் சிறுக்கப் போகின்றன என்று கம்பெனித் தலைவர் ஒரு விருந்தில் கேட்ட பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்டு, 1962ஆம் வருஷத்து பிளிமத், டாட்ஜ் வண்டிகளை அவசரம் அவசரமாகச் சுருக்கிவிட்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. ஷெவர்லே சிறுக்கவில்லை. கோணல் மாணலாகக் குறுகிப்போன பிளிமத்தை ஜனங்கள் வாங்கவில்லை. ஆனால் உடல் சுருங்கியபோது கனமும் குறைந்தது. அந்தக் குறைந்த கனத்தின்மேல் 413 கன அங்குல எஞ்சினை, 400க்கு மேற்பட்ட குதிரைச்சக்தியோடு ஏற்றியபோது, கடைநிலை சவாய் ரகத்து இரண்டு கதவு வண்டிகூட கால்மைல் பந்தயத் தடங்களில் எவராலும் பிடிக்க முடியாததாயிற்று. வியாபாரத்தில் தோற்ற வடிவம் வேகத்தில் வென்றதை அந்தத் தலைவர் கண்டு மகிழ்ந்திருக்க முடியாது. அதற்குள் அவர் பதவியை இழந்துவிட்டார்.

இனி ஷெவர்லே பிஸ்கேன். ஃப்ளோரிடாவின் அழகிய வளைகுடாவொன்றின் பெயரைத் தாங்கிய இந்த வண்டிக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு அழகு கிடையாது. 1958இல் தோன்றி, 1959 முதல் ஷெவர்லேயின் பெரிய வண்டிகளில் கடைசிப் படியில் நின்றது. முதற்படி இம்பாலா, நடுப்படி பெல் ஏர், கடைப்படி பிஸ்கேன். டாக்சி ஓட்டுகிறவர்களும், போலீஸ் இலாகாவினரும், ஊர் ஊராய்ச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு மொத்தமாக வண்டி வாங்கித்தரும் கம்பெனிகளும் இதன் வாடிக்கைக்காரர்கள். கதவைத் திறந்தால் கம்பளம் இராது, ரப்பர் பாய்தான். முன்னால் ஒரே நீள பெஞ்சு. கியர்த்தடி ஸ்டியரிங் கம்பத்தில். ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகட்டு மூடி. சக்கரங்களில் முழு வட்டத்தையும் மறைக்கும் பளபளப்பான தட்டுகளுக்குப் பதில் நடுவில் மட்டும் ஒரு சிறு கிண்ணம்போன்ற மூடி. நாய்க்குச் சோறு வைக்கிற வட்டில் என்று அதை அமெரிக்கர்கள் பரிகாசம் செய்வார்கள். 1960களின் முற்பாதியில் இரவில் பின்னால் வருகிறவன்கூட இதன் அந்தஸ்தைக் கண்டுகொள்ளலாம்: இம்பாலாவுக்குப் பின்புறம் பக்கத்துக்கு மூன்று சிவப்பு விளக்குகள், பிஸ்கேனுக்கு இரண்டு.

இந்த ஏழை வண்டிக்கும் இம்பாலாவுக்கும் உத்தரவுப் படிவம் ஒன்றே என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. பெரிய உடலுள்ள எந்த ரகத்துக்கும் எந்த எஞ்சினையும் கேட்கலாம். மேனியின் தரத்துக்கும் எஞ்சினின் தரத்துக்கும் ஷெவர்லே முடிச்சுப் போடவில்லை. 1961இல் 409 கன அங்குல எஞ்சின் வந்தது, அடுத்த வருஷமே அதன் சக்தியும் 409 ஆயிற்று, 1963இல் 425. அதே 1963இன் தொடக்கத்தில் ஷெவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் மேலிடம் தன் பிரிவுகள் எல்லாம் பந்தயத்தைவிட்டு விலக வேண்டும் என்று கண்டிப்பாக உத்தரவிட்டது. உத்தரவுக்குப் பணிந்து பந்தய இலாகா மூடப்பட்டது, படிவம் மூடப்படவில்லை. 1966இல் 427 கன அங்குலமும் 425 குதிரைச்சக்தியும் கொண்ட எல்-72 என்ற எஞ்சின் அதில் இடம்பெற்றது. முதலில் 450 என்று அச்சிட்டு, பிறகு எஞ்சினில் ஒன்றையும் மாற்றாமல் எண்ணை மட்டும் குறைத்தார்கள். மேலிடத்தையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் உத்தேசித்து எண்ணைக் குறைப்பது அந்தக் காலத்துச் சம்பிரதாயம். வேகத்தில் மட்டும் கண்ணுள்ளவன் ஒருவன் கணக்குப் போட்டுப் பார்த்தால், இம்பாலாவின் கம்பளத்துக்கும் குரோமியத்துக்கும் கொடுக்கிற பணம் வீண். அவை விலையையும் கூட்டுகின்றன, கனத்தையும் கூட்டுகின்றன. ரேடியோகூட வேண்டாம் என்று எழுதிவிட்டு அந்தப் பணத்தை எஞ்சினுக்கும் நான்கு கியர்ப் பெட்டிக்கும் கொடுத்தால் போதும். பிஸ்கேனின் வறிய தோற்றம் வேடம் அல்ல, மிச்சம் பிடித்ததன் விளைவு.

ஷெவர்லேயின் சிறிய வண்டியான ஷெவி-2 இன்னொரு உதாரணம். 1966இல் அதை 90 குதிரைச்சக்தியுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினோடும் வாங்கலாம். அதே உடலில் 327 கன அங்குலமும் 350 குதிரைச்சக்தியும் கொண்ட எல்-79 எஞ்சினோடும் வாங்கலாம். கிழவி ஒருத்தி மளிகைக்கடைக்கு ஓட்டிப்போகிற வண்டிக்கும் பில் ஜென்கின்ஸ் என்ற புகழ்பெற்ற பந்தயக்காரர் கால்மைல் தடங்களில் பெரிய பெரிய வண்டிகளைத் தோற்கடித்த வண்டிக்கும் வெளியே பெரிய வித்தியாசம் கிடையாது.

ஆனால் பெரிய உடலுக்கு இருந்த சுதந்திரம் நடுத்தர, சிறிய உடல்களுக்கு இருக்கவில்லை. கார்வெட் நீங்கலாக, அவற்றில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் வரம்பு கட்டியிருந்தது. ஃபோர்டும் கிரைஸ்லரும் இத்தகைய வரம்பில்லாமல் விற்றுக்கொண்டிருந்தபடியால் ஷெவர்லே வியாபாரிகள் தவித்தார்கள். பென்ஸில்வேனியாவில் கேனன்ஸ்பர்க் என்ற ஊரில் கடை வைத்திருந்த டான் யென்கோ, ஷெவர்லேயின் புதிய கமேரோ வண்டிகளை வாங்கி, எஞ்சினைக் கழற்றிவிட்டு 427ஐ மாட்டி விற்றார். இது வேலைமெனக்கெட்ட காரியம். தொழிற்சாலையிலேயே மாட்டிக்கொடுத்தால் என்ன?

இங்கேதான் வாசகர்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன வின்ஸ் பிகின்ஸ் மீண்டும் வருகிறார். ஷெவர்லேயில் ‘மத்திய அலுவலக உற்பத்தி உத்தரவு’ என்றொரு ஏற்பாடு இருந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கோப்போ’ என்பார்கள். ஐம்பது டாக்சிகளுக்குத் தடித்த மெத்தை வேண்டும், போலீஸ் வண்டிகளுக்குப் பெரிய மின்கலம் வேண்டும், ஒரு கம்பெனியின் லாரிகளுக்கெல்லாம் தனி வர்ணம் வேண்டும் என்பன போன்ற மொத்த உத்தரவுகளை நிறைவேற்ற ஏற்பட்ட சாதாரண அலுவலகம் அது. எஞ்சினீயரிங் இலாகா முடியும் என்று சொன்னால் உத்தரவு நிறைவேறிவிடும். தலைவர்களின் மேஜைக்கு அது போக வேண்டியதில்லை. பட்டியலில் அச்சாகியிருப்பதே சட்டம் என்று ஹட்ஸனில் பாடம் படித்தவருக்கு, டாக்சி மெத்தை வருகிற வாசல் வழியாகவே பந்தய எஞ்சினும் வரலாம் என்பது தோன்றாமல் இருக்குமா? 1969ஆம் வருஷத்துக் கமேரோவில் எல்-72 எஞ்சினை வைப்பதற்கு 9561 என்றும், முழுக்க அலுமினியத்தால் வார்த்த இசட்.எல்-1 எஞ்சினை வைப்பதற்கு 9560 என்றும் எண்கள் கொடுக்கப்பட்டன.

இரண்டாவது எண்ணின் கதை சோகமும் ஹாஸ்யமும் கலந்தது. இல்லினாய் மாகாணத்தில் லா ஹார்ப் என்ற குக்கிராமம் போன்ற ஊரில் ஷெவர்லே வியாபாரம் செய்த ஃபிரெட் கிப், தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிப்படி குறைந்தது ஐம்பது வண்டிகள் செய்யப்பட்டால்தான் அதைச் சாதாரண வண்டிகளின் பந்தயத்தில் அனுமதிப்பார்கள் என்பதை அறிந்து, ஐம்பதையும் தாமே எடுத்துக்கொள்வதாக வாக்களித்தார். 1968 முடியுந் தறுவாயில் வண்டிகள் வரத் தொடங்கின, விலைச்சீட்டும் வந்தது. எஞ்சினுக்கு மாத்திரம் 4,160 டாலர். வண்டியின் மொத்த விலை 7,200ஐத் தாண்டிற்று. அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல கமேரோக்களை வாங்கலாம். வாங்குகிறவனுக்குக் கிடைப்பதோ, பெயர்த்தகடு இல்லாத மட்கார்டு, வெறும் இரும்புச் சக்கரங்கள், நாய்வட்டில் மூடிகள். பானெட்டில் காற்றுக்காக மேடிட்ட ஒரு பகுதி இல்லாவிட்டால், ஆறு சிலிண்டர் வண்டி என்றே சொல்லிவிடலாம். சக்தி 430 என்று எழுதியிருந்தது. உண்மையில் அது 500க்கு மேல் என்பார்கள். கிப் சிலவற்றை விற்றார். பெரும்பகுதியைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டு வேறு வியாபாரிகளுக்குப் பங்கிட்டது. மொத்தம் செய்தவை 69. சிலது விற்காமல் வருஷக்கணக்கில் கிடந்து, அலுமினிய எஞ்சினைக் கழற்றிவிட்டுச் சாதாரண எஞ்சினோடு விற்கப்பட்டது என்றால் இன்று கேட்கிறவர்களுக்கு வயிறு எரியும்.

இந்த யுகம் முடிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்ஷூரன்ஸ் கட்டணம் இளைஞர்களின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 1970இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பிஸ்கேன் 1972ஆம் வருஷத்து வண்டிகளோடு அமெரிக்காவில் மறைந்திருந்தது.

ஆனால் எண்ணெய்ப் பஞ்சமே அடுத்த வேகத்துக்கும் காரணமாயிற்று என்பதை யார் எதிர்பார்த்திருப்பார்கள்? ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான ப்யூக் 1960களின் ஆரம்பத்தில் சிக்கனமான வி-6 எஞ்சின் ஒன்றைச் செய்துவிட்டு, பெட்ரோல் மலிவாக இருந்த காலத்தில் அதை யாரும் சட்டை செய்யாததால், 1967இல் அதன் உற்பத்தி யந்திரங்களையெல்லாம் ஜீப் செய்யும் கைசர் கம்பெனிக்கு விற்றுவிட்டது. கைசரின் ஜீப்பை 1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கிற்று; வாங்கி, இந்த எஞ்சினைக் கைவிட்டு ஒரு மூலையில் போட்டது. எண்ணெய்ப் பஞ்சம் வந்ததும் ப்யூக் பரபரவென்று ஓடி, 1974இல், தான் விற்ற யந்திரங்களைத் தானே திரும்ப விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தது. விலை குறைந்த, குலுங்கி ஓடுகிற, கௌரவமில்லாத அந்த எஞ்சினோடு 1978இல் டர்போ சுழலியைச் சேர்த்தார்கள். 1984இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி எரிபொருள் செலுத்தும் ஏற்பாட்டையும், 1986இல் உட்செல்லும் காற்றைக் குளிர்விக்கும் கருவியையும் சேர்த்தார்கள். 1987இல் அதன் சக்தி 245 குதிரை. அதே வருஷம் அதே ஜெனரல் மோட்டார்ஸின் கார்வெட்டுக்கு, எட்டு சிலிண்டரோடு, 240.

இந்த எஞ்சினோடு கறுப்பு வர்ணத்தில் வந்த ப்யூக் கிராண்ட் நேஷனலையும், 547 மட்டுமே செய்யப்பட்ட ஜி.என்.எக்ஸையும் உலகம் கொண்டாடுகிறது. அவற்றின் கறுப்பே ஓர் எச்சரிக்கையாகிவிட்டபடியால், மறைந்திருந்தவை என்று அவற்றைச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. என் அபிப்பிராயத்தில் அந்தப் பட்டத்துக்கு உரியது, ரீகல் லிமிடெட் என்ற சாதுவான ப்யூக் வண்டியில் இதே டர்போ எஞ்சினைக் கேட்டு வாங்கியவர்களின் வண்டி. பாதிக் கூரையில் தோல்போன்ற உறை, தலையணைபோல் புடைத்த வெல்வெட் ஆசனம், பக்கமெல்லாம் பளபளப்புப் பட்டை; வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் மாதா கோவிலுக்குப் போகிற கோலம். பானெட்டின் ஒரு பக்கம் மேடிட்டிருப்பதையும் அதில் ஒட்டியுள்ள சிறு எழுத்தையும் கவனிக்கிறவன், எதிரே வருகிறபோது கவனித்தால்தான் உண்டு. 1987 டிசம்பரில் மிஷிகனின் பான்டியாக் நகரத் தொழிற்சாலையில் கடைசி கிராண்ட் நேஷனல் வெளிவந்தது. 1988ஆம் வருஷத்து ரீகல், எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றும் வேறு வகை வண்டி.

இப்போது இவற்றில் சில ஏலக்கூடங்களில் லட்சக்கணக்கான டாலருக்கு விலை போகின்றன; ஆகவே போலிகளும் பெருகிவிட்டன. வேகம் தெரியும்படி அலங்கரித்த வண்டியில் போலி செய்கிறவன் பட்டையும் சின்னமும் தேடி ஒட்ட வேண்டும். பிஸ்கேனில் அந்தச் சிரமமும் இல்லை: எங்கோ கிடைத்த டாக்சி உடலில் எங்கோ கிடைத்த 427ஐ மாட்டினால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். எஞ்சினில் பொறித்த எழுத்துகளையும் புதிதாகப் பொறிக்கக் கற்றுக்கொண்டார்கள். மிஞ்சி நிற்கிற சாட்சி காகிதம் ஒன்றுதான். ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவின் பழைய பதிவுகள் பத்திரமாக இருப்பதால் பான்டியாக் வண்டிக்காரர் தம் வண்டியின் எண்ணை அனுப்பி விலைச்சீட்டின் பிரதியைப் பெற்றுக்கொள்ளலாம். கனடாவில் செய்யப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கும் அந்த வசதி உண்டு. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்த ஷெவர்லேக்களுக்கு அத்தகைய பதிவு பெரும்பாலும் இல்லை. ஆகையினால் பழைய பிஸ்கேன் ஒன்றை வாங்கியவர், எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதற்கு முன்பாகவே பின் ஆசனத்தைப் புரட்டி அதன் கம்பிச்சுருள்களுக்குள் கையை விட்டுத் தடவுவார். அங்கே அகப்படாவிட்டால் பெட்ரோல் டாங்கை இறக்கி அதன் தலைப்பாகத்தைப் பார்ப்பார். பூட்டுகிற தொழிலாளிகள் எந்த வண்டிக்கு எந்த எஞ்சின் என்று அச்சடித்த தாளை வேலை முடிந்ததும் செருகிவிட்டுப் போனது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.